மேடைப் பேச்சை நம்பி மொரீஷியஸில் குடும்பம் நடத்த முடியுமா?

கோவில்மைக்:

எல்லோருக்கும் வணக்கம். வாக்வா பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் (இங்கே இடைநிலைப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்வோம்) தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு மேடை என்றால் உயிர். பேச்சுப் போட்டி எதையும் விட்டதில்லை. தேசிய நாடக விழாவில் தமிழ் நாடகங்களில் நடித்திருக்கிறேன். இப்போது தைப்பூசக் காவடி சமயத்தில் எங்கள் கோவிலில் தமிழிலும் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலிலும் அறிவிப்பு, வருஷப்பிறப்புக்கு வாழ்த்துரை, தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நிகழ்ச்சித் தொகுப்பு என்று சனி ஞாயிறு முழுக்க மைக்கோடுதான் போகிறது.

நன்றாகப் பேசுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கைக்கு வருவது பொன்னாடையும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடும்தான். பெட்ரோல் என் செலவு. போன வருஷம் ஒரு விழாக்குழு பணம் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். எல்லாம் முடிந்ததும் "தமிழுக்குச் செய்கிற சேவைக்குக் காசா தம்பி?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு மனசு ரொம்ப வலித்தது.

கம்பெனிகளில் போய்ப் பேசியே சம்பாதிக்கிறவர்களை இணையத்தில் பார்க்கும்போது, நம்மாலும் முடியுமே என்று தோன்றுகிறது. ஆனால் அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? எந்த மொழியில் பேசினால் கூப்பிடுவார்கள்? என் தமிழ் நன்றாக இருக்கும், கிரியோல் தாய்ப்பால் மாதிரி, பிரெஞ்சு பரவாயில்லை, ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். எவ்வளவு பணம் கேட்பது? இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள்.


ஒலிபெருக்கி:

தொழிலைப் பற்றி அனுபவசாலிகள் சொல்வார்கள். நான் கல்யாணம், கோவில், அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுகிறவன். என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நன்றாகப் பேசுகிற பல பேர் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் கெடுத்துக்கொள்கிறார்கள். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தால் அது நாலு பக்கச் சத்தத்தையும் எடுக்க ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் ஊளையிடும், எல்லோரும் என்னைத் திரும்பி முறைப்பார்கள். பிடியை நடுவில் பிடியுங்கள். வாயிலிருந்து நாலு விரல் தூரம், கொஞ்சம் கீழேயிருந்து மேல்நோக்கி இருக்கட்டும். அப்போது 'ப' வருகிற இடத்திலெல்லாம் மூச்சு போய் மைக்கில் அடிக்காது. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் கொடுத்தால், கழுத்துச் சங்கிலியும் பட்டுத் துணியும் அதில் உரசாத இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள். உரசினால் மண்டபம் முழுக்கக் கரகரவென்று கேட்கும். நடந்து பேசுகிறவராக இருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் மட்டும் போய் நிற்காதீர்கள்.

அப்புறம், நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் வந்து சவுண்ட்காரரிடம் பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். காலி மண்டபத்தில் சரியாகக் கேட்ட குரல் ஆள் நிறைந்ததும் மங்கிவிடும். அதற்குத் தகுந்தபடி நாங்கள் ஏற்றித் தருவோம், நீங்கள் கத்த வேண்டியதில்லை. நேரத்துக்கு வருகிற தொகுப்பாளர் யார் என்று எங்களுக்கும் போட்டோகாரர்களுக்கும் ஹோட்டல் விருந்து மேனேஜர்களுக்கும் நன்றாகத் தெரியும். "யாராவது நல்ல ஆள் இருக்கிறாரா" என்று கல்யாண வீட்டார் முதலில் கேட்பது எங்களிடம்தான்.


ரோஸ்ஹில்காரி:

தம்பி, வேலையை விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஹோட்டல்களிலும் கம்பெனிகளிலும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஆண்டுக் கூட்டங்களில் பேசுவது, இதுதான் என் சாப்பாடு. ஆனால் பேச்சாளராக வேண்டும் என்று கிளம்பி இங்கே வரவில்லை. ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு வங்கியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு. கோபத்தோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, நம்மால் முடிந்ததையும் முடியாததையும் மறைக்காமல் சொல்லி அனுப்புவது எப்படி என்பது அங்கே வருஷக்கணக்கில் படிந்தது. இன்றைக்கும் எனக்குப் பணம் தருகிறவர்கள் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் தருகிறார்கள். குரலும் நடையும் நன்றாக இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். முதல் தடவை கூப்பிடுவது நம்மிடம் அவர்களுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதால்.

100 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கிறவர் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர், 1958-இல் காலமானார். 1000 ரூபாய் நோட்டில் கயெத்தான் டுவால். அவர்கள் மேடையேறினால் கூட்டம் அசையாது என்று எங்கள் அப்பா வயதுக்காரர்கள் கண் விரியச் சொல்வார்கள். இரண்டு பேரும் அரசியல் தலைவர்கள், ஆனால் கையில் தொழில் இருந்தது, வக்கீல்கள். தமிழ் ஆசிரியரான உங்களுக்கு ஆறுமுக நாவலர் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் 1847 டிசம்பர் 31 அன்று அவர் முதல் பிரசங்கத்தைத் தொடங்கியபோது மெதடிஸ்ட் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அந்த வேலையில் இருந்துகொண்டே வெள்ளிக்கிழமைகளில் பேசினார். 1848-இல் வேலையை விட்டபோது, சைவப்பிரகாச வித்தியாசாலை என்று சொந்தமாக ஒரு பள்ளிக்கூடமே அவர் கையில் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? "தன்னம்பிக்கை", "வெற்றிக்கு வழி" என்று தலைப்பு வைக்காதீர்கள். அதைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், அந்தத் தலைப்பில் உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு காரணமும் இல்லை. உங்களிடம் இருப்பதை நான் சொல்லட்டுமா? வீட்டில் கிரியோலைத் தவிர வேறு பேசாத பிள்ளைக்குத் தினமும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீர்கள். புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதையே வேறு விதமாகச் சொல்கிறீர்கள். பின் பெஞ்சில் தூங்குகிறவனை அவமானப்படுத்தாமல் எழுப்புகிறீர்கள். இந்தத் தீவில் எத்தனை தொழிற்சாலைகளில், எத்தனை ஹோட்டல் சமையலறைகளில், வேலை முழுக்கத் தெரிந்த சூப்பர்வைசர் அதைப் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருக்கிறார், தெரியுமா? "தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி" என்பது உங்கள் தலைப்பு. அதற்குக் காசு உண்டு.

மொழி விஷயம். முதலாளி ஆங்கிலத்தில் வரவேற்புரை படிப்பார், திரையில் போடுகிற தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும், மனிதவளத் துறை அம்மா உங்களிடம் பிரெஞ்சில் பேசுவார். உட்கார்ந்திருக்கிற ஊழியர்கள் யோசிப்பது கிரியோலில். ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற பெண்களுக்குப் பயிற்சி. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டரை மணிக்கு ஊழியர் கேன்டீனில். செருப்பைக் கழற்றிக் காலை நாற்காலிக் கம்பியில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் இரவுச் சமையலுக்கு என்ன வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கணினியைத் திறக்கவே இல்லை. "இன்றைக்கு எந்த அறை உங்களை அழ வைத்தது?" என்று கிரியோலில் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு அம்மா, விருந்தாளி ஒருவர் தன்னைத் திருடி என்று சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். காணாமல் போன கடிகாரம் கடைசியில் அவர் பையிலேயே இருந்ததாம். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்த இரண்டு மணி நேரமும் அந்தக் கடிகாரத்தைச் சுற்றியே போயிற்று. அறையில் மதிப்புள்ள பொருளைப் பார்த்தால் என்ன செய்வது, யாரிடம் உடனே சொல்வது, எதைத் தொடவே கூடாது, குற்றம் சாட்டினால் என்ன வார்த்தை சொல்வது. அத்தனையும் அவர்களே சொன்னார்கள், நான் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். அதை ஆங்கிலத்தில் நடத்தியிருந்தால் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள்.

அதனால் உங்கள் கிரியோலை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ஆங்கிலத்தை மட்டும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள், கொட்டேஷனும் கடிதமும் எழுத வேண்டும் அல்லவா.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. இங்கே முதலாளிமார் சம்பளக் கணக்கோடு பயிற்சி வரி என்று ஒன்று கட்டுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சியைத் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்தால், செலவில் ஒரு பங்கை எச்.ஆர்.டி.சி. என்கிற மனிதவள மேம்பாட்டுக் குழுவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பயிற்சியாளராக எம்.க்யூ.ஏ. என்கிற தகுதி ஆணையத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துப் பதிவு தருவார்கள். ஒரு மணி நேர எழுச்சி உரைக்கு இந்த வழி பெரிதாக உதவாது. பாடத்திட்டத்தோடு நடக்கிற பயிற்சிக்கு உதவும். "பேச வருகிறேன்" என்று போய் நின்றால் மேனேஜர் யோசிப்பார். "உங்கள் சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, பாடத்திட்டம் இதோ, என் பதிவு எண் இதோ" என்றால் உட்காரச் சொல்வார். உங்களுக்கு ஆசிரியர் தகுதி வேறு இருக்கிறது. முதலில் பதிவு வேலையைப் பாருங்கள்.

கூடவே சுயதொழில் என்று பதிவு செய்து பி.ஆர்.என். என்கிற வணிகப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். பில்லில் அந்த எண் இல்லாவிட்டால் கணக்குப் பிரிவில் திருப்பிவிடுவார்கள். வரிக் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, அதனால் தொடக்கத்திலிருந்தே ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். உங்கள் தலைமையாசிரியரான ரெக்டரிடமும் கல்லூரி மேனேஜரிடமும் வெளிவேலைக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

எவ்வளவு கேட்பது? நான் முதலில் அரை நாளுக்கு 5,000 ரூபாய் வாங்கினேன், போக்குவரத்தும் அதற்குள். இப்போது என்ன வாங்குகிறேன் என்று பொதுவில் எழுத விருப்பமில்லை, தனிச்செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன். ஒன்று மட்டும்: தயாரிப்புக்குப் போகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என்னைக் கூப்பிட்ட இடத்துக்கு ஒரு தடவை முன்கூட்டியே போய், "போன மாதம் என்ன நடந்தது, ஏன் இப்போது என்னைக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காமல் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் முழுப் பேச்சும் இருக்கும்.

கோவிலில் பேசுவதற்கு நான் காசு வாங்குவதில்லை, இனியும் வாங்கமாட்டேன். காத்ர் போர்ன் மலையடிவாரத்து முருகன் கோவிலுக்குச் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான், அங்கே கேட்ட தமிழ்தான் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது. ஆனால் ஹோட்டலில் நடக்கிற கல்யாணம் வேறு. அங்கே பூ வைக்கிறவருக்குக் காசு, பாட்டுப் போடுகிறவருக்குக் காசு, நாலு மணி நேரம் நின்று நிகழ்ச்சியை இழுத்துப்போகிற உங்களுக்கு மட்டும் பொன்னாடை என்பது நியாயமே இல்லை. உங்கள் விழாக்குழு செய்தது தப்பு. அடுத்த தடவை தேதி, நேரம், தொகை மூன்றையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.


ஜோபர்க்வாசி:

அக்கா எழுதியதை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டேன். நான் தஞ்சாவூர்க்காரன், ஜோகன்னஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற பேச்சுப் பயிற்சி மன்றத்தில் இருக்கிறேன், கொஞ்சம் கட்டணப் பேச்சும் உண்டு.

மொரீஷியஸிலும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன, போய்ச் சேருங்கள். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிபோர்னியாவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கியது. ஐந்திலிருந்து ஏழு நிமிஷப் பேச்சு. ஐந்தாம் நிமிஷம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. "ஆ... ம்..." என்று இழுப்பதை எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம்மாட்களுக்கு "வந்து... வந்து...", அங்கே கிரியோலில் "சவேதீர்" என்று கேள்விப்பட்டேன். ஏழு நிமிஷத்தில் ஒரு விஷயத்தை முடிக்கப் பழகினவருக்குப் பட்டிமன்ற நடுவர் மணியும் பயமில்லை, கம்பெனிக் கூட்டமும் பயமில்லை.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மன்றத்தில் கேட்கிறவர்கள் எல்லோரும் பேச்சாளர்கள், அன்பாகக் கைதட்டுவார்கள். அங்கே கோப்பை வாங்குகிற பேச்சும் கம்பெனி காசு கொடுத்துக் கேட்கிற பேச்சும் வேறு வேறு. எனக்குத் தெரிந்த அருமையான போட்டிப் பேச்சாளர்கள் சிலருக்கு ஒரு கட்டண மேடைகூட அமையவில்லை. அவர்களிடம் சொல்லும் அழகு இருந்தது, அக்கா சொல்கிற அந்தத் தலைப்பு இல்லை.

இங்கே தொழில்முறைப் பேச்சாளர்களுக்கென்று தென்னாப்பிரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது, பி.எஸ்.ஏ.எஸ்.ஏ. என்பார்கள். கட்டணம், ஒப்பந்தம் பற்றியெல்லாம் அங்கே வெளிப்படையாகப் பேசுவார்கள். நான் பாதித் தொகை முன்பணம் வாங்காமல் தேதி கொடுப்பதில்லை. நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். ஒரு நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தடித்த பிறகு இதில் ரொம்பக் கண்டிப்பாகிவிட்டேன்.

வீடியோ கட்டாயம் வேண்டும். மூன்று நிமிஷம் போதும். உங்கள் முகம் மட்டும் இல்லாமல், கேட்கிறவர்கள் முகமும் தெரிய வேண்டும். கூப்பிடுகிறவர் பார்ப்பது அதைத்தான்.

தமிழிலேயே பேசித் தொழில் நடத்துவது பற்றி: டர்பனில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் உட்பட. கோவில், காவடி, தேவாரம் எல்லாம் உண்டு. ஆனால் சபையில் பேச வேண்டியது ஆங்கிலத்தில், நடுவில் குறளோ திருப்புகழோ சொல்லி விளக்க வேண்டும். கேட்கிறவர்கள் அப்போது கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய வருமானம் இல்லை, ஆனால் அந்த மேடைகளை நான் விடமாட்டேன்.


கோவில்மைக்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "வேலையை விடாதே என்று நான் சொன்னால் கேட்கவில்லை, இப்போது கேட்கிறாய்" என்றாள்.

அந்தச் சூப்பர்வைசர் யோசனை மனதில் உட்கார்ந்துவிட்டது. என் சித்தப்பா மகன் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தையல் பிரிவில் புதிதாக வருகிறவர்கள் நிற்பதே இல்லை என்று அடிக்கடி புலம்புவான். வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் நிறைய, அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னும் சிரமமாம். அங்கே ஒரு தடவை இலவசமாக நடத்திப் பார்க்கட்டுமா? இலவசம் என்றால் அப்புறம் எப்போதும் இலவசம்தான் என்று ஆகிவிடுமோ?


ரோஸ்ஹில்காரி:

நடத்துங்கள் தம்பி, தாராளமாக. வங்காளதேசத்துத் தொழிலாளர் விஷயம் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. மொழி தெரியாதவருக்குக் கையைக் காட்டி, செய்து காட்டி, திரும்பச் செய்யச் சொல்லிக் கற்பிப்பதுதானே உங்கள் முதல் வருஷப் பிள்ளைகளோடு நீங்கள் செய்வது? முதலில் ஒரு நாள் போய்த் தையல் வரிசையில் சும்மா நின்று பாருங்கள். சூப்பர்வைசர் எந்த இடத்தில் பொறுமை இழக்கிறார், புதுப் பெண் எந்த இடத்தில் "புரிந்தது" என்று பொய்யாகத் தலையாட்டுகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இலவசத்துக்கு ஒரு வழி இருக்கிறது. முழுத் தொகையையும் எழுதி ஒரு பில் போடுங்கள். கீழே "முதல் நிகழ்ச்சிக்கான கழிவு" என்று அதே தொகையைக் கழித்து, செலுத்த வேண்டியது 0 என்று காட்டி மேனேஜர் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் வேலைக்கு என்ன விலை என்பது அந்தத் தாளில் பதிந்துவிடும், அடுத்த தடவை அவர்கள் அதிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பதிலுக்கு இரண்டு விஷயம் கேளுங்கள்: கம்பெனித் தாளில் ஒரு பாராட்டுக் கடிதம், வீடியோ எடுக்க அனுமதி. ஒரு மாதம் கழித்துப் போய், எத்தனை பேர் வேலையில் நின்றார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தொழிற்சாலைக்குக் கொண்டுபோக உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

குழந்தை பிறந்து வீடு கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு நாள் குறியுங்கள், அவசரமில்லை. குறித்ததும் எனக்குச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துத் தருகிறேன். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.